உன் கிடாரின் ஒரு சென்டிமீட்டர்

வெளியே சொன்னால் சிரிப்பார்கள். உன்னிடம் எனக்கென்ன வெட்கம்? போன வாரம் பட்டறையில் உன் கிடாரை மோந்து பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு கூரியர்காரரிடம் மாட்டிக்கொண்டேன். சும்மா மோந்ததாக நினைக்காதே. கம்பிகள் முடிகிற பிரிட்ஜைக் கழற்றிய இடத்தில் மூக்கை அழுத்தி, கண்ணை வேறு மூடிக்கொண்டிருந்தேன். ஐம்பத்திரண்டு வயசு, தொந்தி, கையில் உப்புத்தாள். அவர் பார்சலைப் பெஞ்சில் வைத்துவிட்டுக் கையெழுத்துக்கூட வாங்காமல் போய்விட்டார்.

பெருங்காய வாசனை. அதற்குத்தான். பழைய ஸ்க்ரூ ஓட்டைகளைக் கொஞ்சம் பெரிதாக்கினேன். டிரில் சூடானதும் மரத்துக்குள்ளிருந்து உங்கள் வீட்டுச் சமையல் புகைந்துகொண்டு வந்தது. மயிலாப்பூரில் உங்கள் பழைய வீட்டை இடித்து ஃபிளாட் கட்டியபோது சொந்தக்காரர்கள் தூண், வெண்கலப் பாத்திரம் என்று அள்ளிக்கொண்டு போனார்கள். நீ சமையலறைக் கதவை எடுத்துக்கொண்டாய். நல்ல தேக்கு, அறுபது வருஷத் தாளிப்பு ஏறியது. அதை ஆட்டோவில் பாதி வெளியே நீட்டிக்கொண்டு ஈக்காட்டுத்தாங்கலுக்கு வந்தாய், பீரோவுக்கும் பைக்குக்கும், சமயத்தில் கிடாருக்கும் ஸ்ப்ரே அடிக்கிற என் கடைக்கு.

"இதுல எலெக்ட்ரிக் கிடார் பண்ணப் போறேன். நீ சொல்லிக் குடு, பெயிண்டும் அடிச்சுக் குடு."

"இன்னா சாமி, வாசிச்சா ரசம் கொதிக்குமா?" என்றேன்.

நீ கோபித்துக்கொள்ளவில்லை. உனக்கு அது வரவே வராது. அதனால்தான் உன்னைச் சீண்டுவது அத்தனை சுகமாக இருந்தது. திருப்பி அடிக்கிறவனை யார் இரண்டாம் தடவை கிள்ளுவார்கள்?

நீ இன்ஷூரன்ஸ் ஆபீசில் குமாஸ்தா. கல்யாணம் இல்லை. அபிராமபுரத்தில் அக்காவின் ஃபிளாட்டில் ஒரு ரூம். அக்கா பாட்டு டீச்சர். உங்கள் வீட்டில் குக்கர் விசில் அடித்தால் அது எத்தனை கட்டை என்று சொல்கிற ஆட்கள். அந்தக் கும்பலில் உன்னை மட்டும் ஆறு வயசிலேயே பாட்டு கிளாசிலிருந்து எழுப்பி அனுப்பிவிட்டார்கள். காது கிடையாதாம். அதை நீயே டீ குடித்துக்கொண்டே சிரிப்பாகச் சொன்னாய். அப்புறம் சிரிக்காமல் ஒன்று சொன்னாய்.

"ஒரே ஒரு தடவை அக்கா முன்னாடி முழுசா வாசிக்கணும்டா. அவ பாராட்ட வேண்டாம். ஒண்ணும் சொல்லாம இருந்தாப் போறும்."

நான் அஞ்சாவதோடு நின்றவன். ஆனால் கிடார்களுக்குப் பெயிண்ட் அடித்து அடித்து, பிரித்துப் பிரித்து மாட்டி, நானே மூன்று செய்திருந்தேன். உனக்குச் சொல்லிக்கொடுத்தேன், ஒவ்வொன்றுக்கும் ஒரு கேலியைச் சேர்த்து. பழைய கதவை மிஷினில் விடுவதற்கு முன்னால் காந்தத்தால் தடவிப் பார், உள்ளே ஆணி இருக்கும் என்றேன். தடவினாய், ஒரு பக்கம் மட்டும். மிஷின் பிளேடு இரண்டாக உடைந்து என் காலண்டரில் போய்ச் செருகியது. மழைக்காலத்தில் லேக்கர் அடிக்காதே, பால் ஊற்றினது மாதிரி வெளுத்துப்போகும் என்றேன். நவராத்திரிக்குள் வேண்டும் என்று அடம் பிடித்தாய். வெளுத்தது. சுரண்டி மறுபடி அடித்தேன், மறுபடி வெளுத்தது. உன் ஜாதகத்தையே கரித்துக்கொட்டிக்கொண்டு மூன்றாம் தடவை அடித்தேன். அதற்கும் சிரித்தாய்.

பிறகு பிரிட்ஜ் வைக்கிற நாள்.

கிடாரின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காருகிற வெள்ளைத் துண்டு நட்டு. அடிப்பக்கம் அவை போய் முடிகிற இரும்பு பிரிட்ஜ். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம்தான் கிடாரின் உயிர். நீ கடையில் வாங்கிவந்த, குறுக்கே ஃபிரெட் என்கிற உலோகக் கட்டைகள் பதித்த கழுத்துக்கு அது அறுபத்து நாலு சென்டிமீட்டர் எட்டு மில்லி. டேப்பின் நுனிக் கொக்கி எப்போதும் ஆடும், அதை நம்பாதே, பத்திலிருந்து பிடி என்று சொல்லியிருந்தேன். பத்தை நட்டில் வைத்தால் எழுபத்து நாலு எட்டில் கோடு போட வேண்டும்.

"பத்து எதுக்கு? ஒண்ணு போறாதா?" என்று ஒன்றிலிருந்து பிடித்தாய். பிடித்துவிட்டு, அந்த ஒன்றைக் கூட்ட மறந்து, அறுபத்து நாலு எட்டிலேயே பென்சிலால் கோடு போட்டாய்.

பத்தை மறந்தால் கிடார் குட்டையாகிவிட்டது குருடனுக்கும் தெரியும். ஒன்றை மறந்தால் யாருக்கும் தெரியாது. எங்கள் தொழிலில் பத்திலிருந்து பிடிப்பது அதற்காகத்தான். இதை நான் உனக்குச் சொல்லவில்லை. கை எட்டும் தூரத்தில் டீ கிளாசோடு நின்று, நீ தப்பாகப் போடுகிற கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சரியா இருக்காடா?"

"ராஜா மாதிரி கீது சாமி."

நீ ஆறு ஓட்டை போட்டாய்.

கம்பி மாட்டி, அது கோணல்மாணலாகக் கத்தி, நீ முழிக்கும்போது சொல்லிச் சிரிக்கலாம் என்றிருந்தேன். கழற்றி ஒரு சென்டிமீட்டர் பின்னால் தள்ளி மாட்டினால் முடிந்தது. ஒரு நாள் வேலை, அவ்வளவுதான். ஆனால் அது கோணலாகக் கத்தவில்லை. விரல் வைக்காமல் மீட்டினால் அச்சாகப் பேசியது. நீ சந்தோஷமாக வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டாய். நானும் சரி, இன்னும் கொஞ்சம் ஊறட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து வந்தாய். "மேல போகப் போக சுருதி இடிக்கறதுடா. கீழ நன்னா இருக்கு. பன்னெண்டாவது ஃபிரெட்டுல விரலை வெச்சா ரொம்ப இடிக்கறது."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பல வருஷம் மேடையில் வாசிக்கிறவர்கள் என் கடைக்கு வருவார்கள். என்னமோ சரியில்லை என்பார்கள், அதற்குமேல் சொல்லத் தெரியாது. நீ எந்த இடத்தில், எப்படி, எவ்வளவு என்று டாக்டர் மாதிரி சொன்னாய். அப்போதே தெரிந்துவிட்டது எனக்கு. உங்கள் வீட்டிலேயே நல்ல காது உன்னுடையதாகக்கூட இருக்கலாம்.

"சுதி பாக்குற டியூனர்ல இன்னா காட்டுது?"

"ஆறு கம்பியும் பச்சை."

"அப்போ கிடார் நல்லாத்தான் கீது. காதைக் கொண்டுபோய் டாக்டராண்ட காட்டு, போ."

நீ போனாய். நிஜமாகவே போய், டோக்கன் வாங்கி, காத்திருந்து, இரண்டு காதிலும் அழுக்கெடுத்துக்கொண்டு நேராகக் கடைக்கு வந்தாய்.

"இப்ப இன்னும் நன்னா இடிக்கறதுடா."

டீ எனக்கு மூக்கு வழியாக வந்தது. பக்கத்து லேத் பட்டறைக்காரர்களைக் கூப்பிட்டு உன் எதிரிலேயே கதையைச் சொன்னேன். அவர்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று முழுசாகத் தெரியாமல் நீயும் கூடச் சேர்ந்து சிரித்தாய்.

நவராத்திரியில் என்னையும் கூப்பிட்டிருந்தாய். ஹாலில் கொலு, அக்காவின் மாணவிகள், அவர்களுடைய அம்மாக்கள். நான் வாசல் பக்கம் சுண்டலோடு உட்கார்ந்தேன். நீ இஸ்திரி போட்ட சட்டையில், கருஞ்சிவப்புக் கிடாரைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாய். பெயிண்ட் மட்டும் கண்ணாடியாக இருந்தது, நான் அடித்ததாயிற்றே. ஆரம்பம் நன்றாகவே போனது. விரல் மேலே ஏற ஏற மாணவிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி தாவணியால் வாயை மூடினாள். அக்கா கையை உயர்த்தினார்.

"போறும் நிறுத்து. இந்த வயசுலயும் ஏன்டா மானத்தை வாங்கறே? ஒனக்குக் காது கெடையாதுன்னு அப்பவே சொன்னேனோல்லியோ?"

நீ அக்காவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாய். இவனுக்கு விஷயம் தெரியும், ஒரு வார்த்தை சொல்வான் என்று நினைத்திருப்பாய். என் வாய் நிறையச் சுண்டல். அக்காவைப் பார்த்து, ஆமாம் என்று தலையாட்டினேன்.

அதற்குப் பிறகு அது விளையாட்டாக இல்லை, அதனால் சொல்லவும் முடியவில்லை. சொன்னால் சபையில் உன்னைக் கழுத்தறுத்தது நான் என்றாகிவிடும். நீ கிடாரைப் பெட்டியில் வைத்துப் பூட்டினாய். ஞாயிற்றுக்கிழமைகளில் வழக்கம்போல் டீ குடிக்க வந்தாய். கேட்கிறவர்களிடமெல்லாம், "நேக்கு சங்கீதம் வராதுப்பா, காது அப்படி" என்றாய். நான் பக்கத்தில் நின்று டீ ஆற்றினேன்.

அப்புறம் ஒரு நாள் சவரக் கடை நாற்காலியில் போய்விட்டாய். தூங்குகிறாய் என்று நினைத்துக் கடைக்காரர் மீதிக் கன்னத்தையும் வழித்து, பவுடர் போட்டு முடித்தாராம். செத்துங்கூட யாருக்கும் இடைஞ்சல் கொடுக்காத ஆள் நீ. பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்ததும், வீட்டில் இடமில்லை என்று அக்கா கிடாரை என் கடைக்கே அனுப்பிவிட்டார். ஒரு வருஷம் பரண்மேல் கிடந்தது. நான் அண்ணாந்து பார்க்காமலே வேலை செய்யப் பழகிக்கொண்டேன்.

இந்த மாசம் பாலவாக்கத்திலிருந்து ஒரு பல் டாக்டரம்மா வந்தார், லீவு நாட்களில் தானே செய்த கிடாரோடு. "மேலே போகப் போக ஒரு மாதிரி இருக்கு அண்ணே. என் காதுதான் சரியில்லையோ என்னமோ" என்றார். "உங்க காது நல்லாத்தான் கீது மேடம்" என்று கத்தியேவிட்டேன். அந்தம்மா பயந்துபோனார். சும்மா மீட்டும்போது டியூனர் பச்சை காட்டுவது பெரிசில்லை, பன்னிரண்டாவது ஃபிரெட்டில் அழுத்தி மறுபடி பாருங்கள், அங்கேயும் பச்சை வந்தால்தான் பிரிட்ஜ் தன் இடத்தில் இருக்கிறது என்று செய்து காட்டினேன். அன்றைக்கே தள்ளி வைத்துக் கொடுத்தேன். அவர் போனதும் பரணில் ஏறினேன்.

பழைய ஓட்டைகளில் தேக்குக் குச்சி செருகி, பசை காய்ந்ததும் பத்திலிருந்து பிடித்து அளந்து, பிரிட்ஜை அதன் இடத்தில் வைத்தேன். சின்ன ஆம்ப்ளிஃபயரையும் தூக்கிக்கொண்டு அபிராமபுரம் போனேன். ஹாலில் உன் போட்டோவுக்கு எதிரே உட்கார்ந்து அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், சுண்டல் வரைக்கும். பிறகு ஒரே கம்பியில் கீழிருந்து மேலே வரை ஒவ்வொரு ஸ்வரமாக வாசித்தேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார்.

"சுருதி சேர்றது" என்றார். கண்ணைத் திறந்து உன் போட்டோவைப் பார்த்து, "அப்போ அவனுக்குக் கேட்டிருக்கு."

"மொத ஆளா அவருக்குத்தான் கேட்டுது மாமி."

"அவன் இருக்கச்சே சொல்லியிருக்கணும்."

"ஆமா மாமி."

"இப்ப என்கிட்ட எதுக்குச் சொன்னேள்? ஒங்க பாரம் எறங்கிடுத்து. இனிமே ராத்திரியெல்லாம் நான்னா முழிச்சிண்டு கெடக்கணும்?"

நான் ஆம்ப்ளிஃபயரின் ஒயரைச் சுருட்டினேன்.

"கிடாரை வெச்சுட்டுக் கெளம்புங்கோ. இனிமே இந்தப் பக்கம் வர வேண்டாம்."

கிளம்பினேன். இப்போதும் கடைக்கு வருகிறவர்களை விட்டுவைப்பதில்லை. தொப்பை, சொட்டை, பெயிண்ட் கலர், பொண்டாட்டிக்குப் பயந்து என் கடையில் ஒளித்து வைக்கிற கிடார், எல்லாவற்றுக்கும் கேலி உண்டு. காதைப் பற்றி மட்டும் பேச்சு வந்தால் வாய் தானாக மூடிக்கொள்கிறது. உன் காது நல்ல காது. இதை எழுதத்தான் உட்கார்ந்தேன், இவ்வளவு நீண்டுவிட்டது.

அபிராமபுரம் போய்வந்த மறுநாள் காலை அக்காவே போன் செய்தார். ஃபிரிட்ஜ் பக்கத்தில் வைத்து வாசித்தால் கிடார் இரையும் என்பதற்காக, வாசிப்பதற்கு முன்னால் ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கியிருந்தேன். திரும்பச் செருகவில்லை. இரண்டு பாக்கெட் பால் திரிந்துவிட்டது. இட்லி மாவு பொங்கிக் கீழ்த்தட்டில் இருந்த கீரை மேல் வழிந்திருக்கிறது. மன்னிக்கணும் மாமி என்றேன். பரவாயில்லை என்று வைத்துவிட்டார்.