மணவாளன் போட்ட கையெழுத்து

வில்லியனூர்
24 ஆகஸ்ட் 1947

அருமை ரஷீதுக்கு,

மணவாளன் எழுதுவது. ஆண்டாளும் பிள்ளைகளும் சௌக்கியம். உன் அண்ணன் ஷரீபும் சுரையா அண்ணியும் நலம். அவர்கள் ஜவுளிக் கடையில் நல்ல கூட்டம்.

பதினைந்தாம் தேதி வண்டி கட்டிக்கொண்டு மடுகரை எல்லையைத் தாண்டிப் போனோம். வரப்புக்கு அந்தப் பக்கம் சுதந்திரம். இந்தப் பக்கம் திரும்பி வந்தால் பிரெஞ்சுக் கொடி. எத்தனை நாளைக்கு என்று பார்த்துவிடுகிறோம். இந்தியாவோடு இணைவதற்காக ஊரில் ஒரு சங்கம் தொடங்கியிருக்கிறோம். நான்தான் செயலாளர். தேசம் பிறக்கிற நேரத்தில் ஹைபா துறைமுகத்தில் உனக்கு என்ன வேலை? வந்துவிடு. பள்ளிக்கூடத்தில் உன்னோடு பெஞ்சில் உட்கார்ந்தவன் கூப்பிடுகிறேன்.

உன்
மணவாளன்

ஹைபா, பாலஸ்தீனம்
7 டிசம்பர் 1947

பிரியமுள்ள மணவாளா,

செயலாளருக்கு என் சலாம். கடிதத்தைப் படித்தபோது நானும் அந்த வண்டியில் ஏறிப் போனது போல இருந்தது. பிள்ளைகள் சௌக்கியம் என்று மட்டும் எழுதுகிறாய், அவர்கள் சேட்டையை எழுதுவதில்லை. அது ஒரு குறை.

போன வாரம் உலக நாடுகளின் சபை இந்த நாட்டை இரண்டாகப் பிரிக்கத் தீர்மானித்தது. எங்கள் அலுவலகத்தில் தட்டச்சு செய்யும் மிரியம் யூதப் பெண். தாய், தகப்பன், அண்ணன்மார் இருவர், எல்லோரையும் போலந்தில் ஜெர்மன்காரர்கள் கொன்றுவிட்டார்கள். அன்றிரவு தெருவில் ஆடினாளாம். "எங்களைச் சேர்த்துக்கொள்ள உலகத்தில் வேறு ஊர் இல்லை, ரஷீத்" என்றாள். நான் குடியிருப்பது அபூ சலீம் என்ற அரபுக்காரரின் வீட்டு மாடியில். கீழே அவருடைய ரொட்டிக்கடை. அவர் அன்றைக்குக் கடை திறக்கவில்லை. "அவர்களை நான் கொல்லவில்லையே. அதற்கு என் ஊரை ஏன் அறுக்கிறார்கள்?" என்று கேட்டார். 

அண்ணனை அடிக்கடி போய்ப் பார்த்துக்கொள்.

அன்புடன்
ரஷீத்

வில்லியனூர்
12 ஜனவரி 1948

அருமை ரஷீதுக்கு,

பெரியவன் குளத்தில் நீந்தக் கற்றுக்கொண்டான். சின்னவள் எறும்பைத் தின்கிறாள். குறை தீர்ந்ததா?

மற்றவர் வாயிலாக உனக்குத் தெரிவதைவிட நானே சொல்லிவிடுகிறேன். பஞ்சாபிலிருந்து தப்பி வந்த ஒருவரைக் கூட்டிவந்து எங்கள் சங்கத்தில் பேசவைத்தார்கள். பிரிவினைக் கலவரத்தில் பெண்டாட்டியையும் மூன்று பெண்களையும் பறிகொடுத்தவர். அவர் பேச்சை மொழிபெயர்த்தவனே பாதியில் நிறுத்தி அழுதான். அன்றே குழந்தைவேல் எழுந்து, ஊரில் முஸ்லிம் கடைகளில் யாரும் எதுவும் வாங்கக்கூடாது என்று தீர்மானம் கொண்டுவந்தான். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். செயலாளர் என்ற முறையில் நானும் போட்டேன். உன் அண்ணன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. கொஞ்ச நாளில் எல்லாம் ஆறிவிடும். நீ புரிந்துகொள்வாய்.

உன்
மணவாளன்

போர்ட் சயீத், எகிப்து
24 மே 1948

மணவாளா,

உன் கடிதம் பிப்ரவரியிலேயே கிடைத்தது. இரண்டு முறை பதில் எழுதிக் கிழித்துப் போட்டேன்.

ஹைபா முடிந்துவிட்டது. டிசம்பர் கடைசியில் எண்ணெய் ஆலை வாசலில் கூலிக்கு நின்ற அரபுக் கூட்டத்தின்மேல் யூத ஆயுதக் குழு ஒன்று குண்டு வீசியது. ஒரு மணி நேரத்துக்குள் அரபுக்காரர்கள் தங்களோடு வேலை செய்த யூதர்களை அடித்துக் கொன்றார்கள். ஏப்ரலில் பெரிய சண்டை, யூதப் படை ஊரைப் பிடித்துக்கொண்டது. அபூ சலீம் ரொட்டியை அடுப்பிலேயே விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு துறைமுகத்துக்கு ஓடினார். அவரைப் படகில் ஏற்றிவிட்டது நான்தான். "பத்து நாளில் வருகிறேன்" என்றார்.

பத்து நாளில் அந்த வீட்டுக்கு மிரியம் குடிவந்தாள். "நான் கேட்கவில்லை ரஷீத், கொடுத்தார்கள்" என்றாள். பொய் சொல்கிறவள் இல்லை. வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்து உள்ளே போனாள்.

அவளைப் பார்த்தபோது உன் நினைவுதான் வந்தது. நீ கெட்டவனாக இருந்து கையெழுத்துப் போட்டிருந்தால் எனக்கு வருத்தம் குறைவு. நீ ஒருவனுடைய துக்கத்தைக் கேட்டு, மனம் வெந்து போட்டாய். அந்தத் துக்கத்துக்கும் என் அண்ணனுக்கும் என்ன சம்பந்தம்?

கடையை மூடிவிட்டுப் பாகிஸ்தான் போகலாமா என்று அண்ணன் எழுதியிருக்கிறார். அங்கே எங்களுக்கு யாரைத் தெரியும்? நான் ஊருக்கு வரவா, அவர்களை அழைத்துக்கொண்டு வேறெங்காவது போகவா? உனக்குத் தெரிந்ததைச் சொல். கப்பலேறி இங்கே வந்து காரைக்கால் வியாபாரி ஒருவர் வீட்டில் தங்கியிருக்கிறேன். விலாசம் உறையின்மேல்.

ரஷீத்

வில்லியனூர்
20 ஜூன் 1948

ரஷீதுக்கு,

உன் கடிதத்தைச் சங்கத்தில் எல்லோர் முன்னாலும் படித்தேன். படித்துவிட்டு, தீர்மானத்தில் என் பெயரை அடித்தேன். குழந்தைவேல் எழுந்து, "இன்னா மணவாளா, வெள்ளைக்காரன் பக்கம் சாஞ்சிட்டியா?" என்றான். "நாளைக்கே இந்தியாவோட சேரணும்பா. ஷரீபையும் சேர்த்துக்கினுதான் சேரணும்" என்றேன். செயலாளர் பதவியைப் பிடுங்கிவிட்டார்கள். போகட்டும்.

மறுநாள் சந்தை. நேரே கடைக்குப் போனேன். அண்ணன் என்னைப் பார்த்துவிட்டுத் துணியை மடித்துக்கொண்டே இருந்தார். சுரையா அண்ணிதான் உள்ளிருந்து வந்தார்கள். "அஞ்சு மாசமா இந்தப் பக்கம் தலைகாட்டாதவரு இன்னைக்கு இன்னாத்துக்கு வந்தீங்க?"

"தப்பு பண்ணிட்டேன் அண்ணி."

"அத உள்ள வந்து சொல்றீங்களே. கையெழுத்து மட்டும் ஊரறியப் போட்டீங்க."

எனக்கு உறைத்தது. படியிறங்கித் தெருவில் நின்று, சந்தைக்கு வந்த ஜனங்களுக்குக் கேட்கும்படி சொன்னேன். நான் கையெழுத்துப் போட்டது தப்பு, இந்தக் கடைக்காரர் எந்தப் பாவமும் செய்யாதவர் என்று. சிலர் சிரித்தார்கள். ஒருவன் காறித் துப்பினான். ஆண்டாள் கூட்டத்திலிருந்து நேரே கடைக்குள் போய், பெரியவனுக்குச் சட்டைத் துணி கிழிக்கச் சொன்னாள். அன்றைக்கு வேறு யாரும் வரவில்லை. அடுத்த சந்தைக்கு ஏழெட்டுப் பேர் வந்தார்கள். குழந்தைவேலின் தாயாரும் வந்தார்கள்.

அண்ணன் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. பேசும்வரை நான் போய்க்கொண்டுதான் இருப்பேன். பாகிஸ்தான் பேச்சை விட்டுவிட்டார். கடைக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் சொல்லியிருக்கிறார்.

ஊருக்கு வரவா என்று கேட்டிருந்தாய். அந்த ஒரு வரியைத்தான் என்னால் சங்கத்தில் படிக்க முடியவில்லை. உன் வீட்டுக்கு நீ வர என்னை எதற்குக் கேட்கிறாய்?

மணவாளன்