பஞ்சு தூங்கிய மதியம்

இன்று காலை பால்கனியிலிருந்து சரக் சரக்கென்று சத்தம் வந்தது. கையிலிருந்த டம்ளரை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். உன் கினி பிக் மிளகு கூண்டுக் கம்பியைக் கடித்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். ஆனாலும் அதைத் தூக்கி, முதுகு ரோமத்தை விலக்கி விலக்கிப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அந்தச் சத்தம் இன்னும் என்னை அந்தக் கோடைக்கே கொண்டுபோய் விடுகிறது.

நீ கீமோவுக்குப் போய் வந்துகொண்டிருந்த கோடை. ஸ்ரீரங்கத்து வெயிலில் நம் அடுக்குமாடியே தகித்துக் கிடந்தது. நீ போனில் கத்தினாய்: "மேல வாடி! பஞ்சுக்கு என்னமோ ஆகுது!"

வந்து பார்த்தால், உன் இன்னொரு கினி பிக், வெள்ளைப் பஞ்சு, மல்லாந்து கிடந்து கால்களை இழுத்துக்கொண்டிருந்தது. முதுகில் பாதி ரோமம் இல்லை. தோல் செதில் செதிலாக உரிந்து, சொறிந்த இடமெல்லாம் ரத்தம். கூண்டின் மூலையில் மிளகும் சொறிந்துகொண்டிருந்தது.

உன் வீட்டுக்காரர் வாசற்படியிலேயே நின்றார். "டாக்டர் என்ன சொன்னாரு? இன்ஃபெக்‌ஷன் வரவே கூடாதுன்னு சொன்னாரா இல்லையா? இதுங்கள எங்கயாவது கொண்டுபோய் விட்டுட்டு வந்துடறேன்."

நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எனக்கும்தான் உடம்பு சரியில்ல. என்னையும் கொண்டுபோய் விட்டுடுவீங்களா?"

அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் பயந்து போயிருந்தார். நாம் மூவருமே பயந்துதான் இருந்தோம். "எங்க வீட்டுல இருக்கட்டுங்க. இவ தொட வேண்டாம், நான் பாத்துக்கறேன்" என்று கூண்டைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினேன்.

தனியார் கால்நடை கிளினிக்கில் கேட்ட தொகை உன் மருத்துவச் செலவுக்கு நடுவே நினைத்துப் பார்க்க முடியாதது. பஞ்சுவையும் மிளகையும் வாங்கிய கடைக்காரரிடம் போனேன். "மைட்ஸா இருக்கும். இது மாட்டுக்குப் போடுற மருந்துதாங்க. கண்ணளவா ஒரு சொட்டு வாயில விடுங்க, சரியாயிடும்" என்று ஒரு சின்னப் பாட்டிலைக் கொடுத்தார். விலை மலிவு. வீட்டுக்கு வந்ததும் சிரிஞ்சில் ஏற்றிவிட்டேன். பஞ்சு மறுபடி துடிக்கத் தொடங்கியிருந்தது. விடுவதற்கு முன் உன்னிடம் சொல்லிவிடலாமே என்று போன் செய்தேன்.

"விடாதடி!" என்றாய். "எனக்கு மருந்து ஏத்தறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் எடை பாக்கறாங்க. அது உள்ளங்கை அளவு இருக்கு. அதுக்குப் போய் கண்ணளவா?"

சிரிஞ்சைக் கீழே வைத்தேன். ஒரு அட்டைப்பெட்டியில் துண்டை விரித்து இரண்டையும் வைத்துக்கொண்டு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த அரசு கால்நடை மருத்துவமனைக்கு ஆட்டோ பிடித்தேன். காவிரிப் பாலத்தில் வண்டிகள் நகரவே இல்லை. மடியில் பெட்டி அதிர்ந்தது. உள்ளே பஞ்சு வெட்டி வெட்டி இழுத்தது. "அண்ணே, கொஞ்சம் பாத்துப் போங்களேன்" என்று நான் கெஞ்ச, "எங்கங்க போறது, முன்னாடி பாருங்க" என்றார் அவர். நீ திரும்பத் திரும்ப போன் செய்தாய். எடுத்தால் அழுதுவிடுவேன் என்று நான் எடுக்கவில்லை.

ஆடு மாடுகளுக்கு நடுவே வரிசையில் நின்றோம். டாக்டரம்மா தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். "மைட்ஸ்தாங்க. தோலுக்குள்ள துளைச்சுப் போற பூச்சி. அரிப்பு தாங்க முடியாமத்தான் இப்படி இழுக்குது." நான் பாட்டிலைக் காட்டினேன். "மருந்து இதேதான். ஆனா இதை அப்படியே ஒரு சொட்டு விட்டிருந்தா…" என்று நிறுத்திவிட்டார். இரண்டையும் எடை போட்டு, அளவு கணக்கிட்டு, ஊசி போட்டார். "ரெண்டு வாரத்துல மறுபடி கொண்டு வாங்க. இப்ப நல்லா இருக்கே, போதும்னு விட்டுடாதீங்க. முட்டை பொரிச்சு மறுபடி வரும். கூண்டைக் கொதிக்கிற தண்ணியில கழுவுங்க, வைக்கோலை மொத்தமா மாத்துங்க." ஆட்டோவுக்குக் கொடுத்ததுதான் பெரிய செலவு.

முதல் வாரம் முழுக்க பஞ்சு சொறிந்துகொண்டேதான் இருந்தது. வீடியோவில் காட்டச் சொல்வாய், பிறகு நீயே பார்க்க முடியாமல் கட் செய்வாய். இரண்டாவது ஊசிக்குப் பிறகு செதில் உதிர்ந்து, தோலில் வெள்ளை வெள்ளையாக ஏதோ அரும்பியது. நீ தலைத் துணியை அவிழ்த்துவிட்டுச் சிரித்தாய். "யாருக்கு முதல்ல முளைக்குதுன்னு பாப்போம்டி." பஞ்சுதான் ஜெயித்தது.

உன் டாக்டர் அனுமதித்த அன்று மதியம், பஞ்சுவைத் துண்டில் சுற்றி உன் மடியில் வைத்தேன். நீ புது ரோமத்தைத் தடவினாய். அது காலை நீட்டித் தூங்கிப்போனது. "அரிப்பில்லாம தூங்கறதப் பாரேன்" என்றாய் மெதுவாக. வாரக்கணக்கில் வலியில் தூங்காதவள், சொன்ன கையோடு நாற்காலியில் சாய்ந்தபடியே நீயும் தூங்கிவிட்டாய். உன் வீட்டுக்காரர் சமையலறைக்கு ஓடிப்போய் குக்கர் அடுப்பை அணைத்தார், விசில் வந்து உன்னை எழுப்பிவிடக் கூடாதென்று.

மழைக்காலம் முடிவதற்குள் நீ போய்விட்டாய். ஆஸ்பத்திரி நாட்களெல்லாம் எனக்கு இப்போது கலங்கித்தான் தெரிகின்றன. தெளிவாக நிற்பது அந்த மதியம் மட்டும்தான். நீங்கள் இருவரும் தூங்க, நாங்கள் இருவரும் அசையாமல் நின்றுகொண்டிருந்தோம்.