குடியிருக்க லாயக்கில்லாத வீடு

அக்டோபர் 10, வெள்ளி

காலையிலிருந்து சாரல். குரங்கணிப் பக்கம் மலையே தெரியவில்லை. அப்பா கட்டிய வீட்டைப் படம் எடுக்கச் சாயங்காலம்தான் போனேன். ஆடிட்டர் கேட்டிருக்கிறார். தேனி மனையை விற்ற லாபத்தை வீட்டில் போட்டால் வரிச்சலுகை. செத்துப்போன தம்பியின் பங்கை அவன் பெண்டாட்டி செல்வியிடம் வாங்குவது கணக்கில் சேரும். ஓடு, உத்தரம் மாற்றும் செலவும் சேர வேண்டுமானால், வாங்கும்போது வீடு குடியிருக்க லாயக்கில்லாமல் கிடந்தது என்று காட்ட வேண்டும். இல்லையென்றால் கூரைக்கு வைத்த பணம் வரிக்குப் போகும். அடுத்த மழைக்கு வீடு நிற்காது.

காட்டுவதற்கா பஞ்சம்? முன்கட்டில் ஓடு சரிந்து வானம் தெரிகிறது. கரண்ட் இல்லை. கிணறு முழுக்கக் குப்பை.

தம்பி அறையைத் திறந்ததும் ஏலக்காய்ப் புகை வாசம். போடிமெட்டு வளைவில் ஜீப்போடு அவன் உருண்டு போன பிறகு இந்த வீட்டுக்குள் ஏலக்காயே வந்ததில்லை. தரை பெருக்கியிருக்கிறது. கொடியில் அவன் சட்டை, துவைத்து. கட்டிலடியில் சட்டி, அதில் கங்கு, இன்னும் சூடு.

ஓடி வந்துவிட்டேன். குடை அங்கேயே.

11, சனி

தூக்கமில்லை. வாங்க: பூட்டு, பிரஷர் மாத்திரை, வேறு குடை.

ஆடிட்டருக்குப் போன். பயந்ததைச் சொல்லவில்லை, தம்பி அறையில் சாமான் கிடப்பதை மட்டும் சொன்னேன். அந்த அறையைக் காலி செய்து படம் எடுக்கச் சொன்னார். ஆள் இருந்த மாதிரித் தெரிந்தால் கேள்வி வருமாம். யாரும் குடியில்லை என்று செல்வியும் எழுதிக் கொடுத்தால் நல்லதாம்.

13, திங்கள்

செல்வியைப் பார்க்கச் சிலமலைக்குப் பஸ். கூட்டம், நின்றேதான்.

செல்வி மறைக்கவில்லை. வெள்ளிதோறும் வருவது அவள்தான். பின்கதவுச் சாவி அவளிடம் இருப்பதையே மறந்திருக்கிறேன். தம்பி வெள்ளிக்கிழமை ஏலக்காய்க் கடையை அடைத்து வந்ததும் ஏலக்காய்த் தோலைக் கங்கில் போட்டு வீடெல்லாம் புகை காட்டுவான். அவள் அதை விடவில்லை. பயம் போயிருக்க வேண்டும். போகவில்லை.

யாரும் குடியில்லை என்று எழுதிய தாளை நீட்டினேன். வாங்கி வாசித்தாள்.

"கையெழுத்துப் போட்டுர்றேன் மதினி. வீடு நிக்கணும்ல. ஆனா அங்க யாரும் இல்லைன்னு என் வாயால சொல்லச் சொல்லாதீங்க."

போட்டாள். சாவியையும் கொடுத்தாள். அவள் தந்த டீயைக் குடிக்க முடியவில்லை.

17, வெள்ளி

நல்ல வெயில். கட்டில், சட்டி, கொடி எல்லாம் வெளியே. சட்டை மட்டும் என் பையில். பின்கதவுக்குப் புதுப் பூட்டு. குடை கிடைத்தது. படங்கள் அனுப்பியாயிற்று.

பொழுது சாயும் வரை அந்த அறையிலேயே நின்றேன். செல்வி வரும் நேரம். மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தேன். சுண்ணாம்பு வாசம்தான். ஒரு தடவை "டேய் தம்பி" என்று கூப்பிட்டும் பார்த்தேன். வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

பூட்டும்போது ஆடிட்டர் போன். படங்கள் பிரமாதம், ஆள் இருந்த அடையாளமே இல்லை என்றார்.