மூன்று இழுப்பு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு, கடவுள் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே அதேபோல இருப்பதாக ஒரு வரி வந்தால் எங்களுக்கு வயிறு நிறைந்துவிடும். நீ அனுப்பிய முட்டிவலித் தைலம் வந்து சேர்ந்தது. மூடி லேசில் திறக்கவில்லை, அப்பா பல்லால் கடித்துத் திறந்தார், பல் தப்பியது பெரிய காரியம். தையல் மிஷினுக்குப் புது பெல்ட் போட்டாயிற்று, இப்போது சத்தமே இல்லை. ஆஸ்பத்திரி நர்ஸுகளின் யூனிஃபார்ம் முப்பது செட் கைவசம் இருக்கிறது, அதனால் சமையல் ஒருவேளைதான், இரண்டாம் வேளைக்கு அதையே சூடு பண்ணிக்கொள்கிறோம். நீ வேலை முடிந்து வந்ததும் சாப்பிடாமல் அந்தப் போனைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்காராதே. போன தடவை வீடியோவில் பார்த்தபோது கன்னம் ஒட்டிப்போய் இருந்தது, கேட்டால் வெளிச்சம் சரியில்லை என்கிறாய்.

இந்தக் கடிதம் நீளமாகப் போகும், வேலைக்கு நடுவில் படிக்காதே. கீழ்வீட்டு ஸ்டியரிங் விஷயம்தான் எழுதப் போகிறேன். அவர் மகள் உன் சிநேகிதி. ஒரே பஸ்ஸில் காலேஜுக்குப் போய் வந்தவர்கள் நீங்கள், இன்றைக்கும் வாரத்துக்கு ஒருமுறையாவது பேசிக்கொள்கிறீர்கள். அவள் உன்னிடம் இதைச் சொன்னால் என்னை ரொம்ப நல்லவளாக்கிச் சொல்லுவாள். நான் அவ்வளவு நல்லவள் இல்லை. அதனால் நடந்ததை நடந்தபடி நானே எழுதிவிடுகிறேன்.

டிரைவிங் ஸ்கூல் வைத்திருப்பவர் என்பதால் தெருவே அவரை ஸ்டியரிங் என்று கூப்பிட ஆரம்பித்து, இப்போது அவருடைய சொந்தப் பெயர் போஸ்ட்மேனுக்கு மட்டும்தான் ஞாபகம் இருக்கும். மனைவி இருந்தவரை அந்த அம்மா அவரை வீட்டுக்குள் சிகரெட்டைத் தொடவே விட்டதில்லை. தெருமுனைக்குப் போய்ப் பிடித்துவிட்டு, வாயைக் கொப்புளித்துக்கொண்டுதான் உள்ளே வருவார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த அம்மா போய்ச் சேர்ந்த பிறகு கேட்பாரில்லை. அவர் வீட்டுக் குளியலறை ஜன்னலும் நம் வீட்டுக் குளியலறை ஜன்னலும், நான் மிஷின் போட்டிருக்கிற அறையின் ஜன்னலும் ஒரே சந்துக்குள்தானே திறக்கின்றன? அவர் கீழே நின்று பற்ற வைத்தால் புகை நேராக மேலே ஏறி நம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். காலையில் நாலு, பகலில் கணக்கில்லை. தைத்து மடித்து வைத்த துணியெல்லாம் நாற்றம். ஒரு நர்ஸ் புது யூனிஃபார்மைத் திருப்பிக் கொண்டுவந்து, "அக்கா, இதப் போட்டுக்கிட்டு வார்டுக்குள்ள போனா என்னையத்தான் சந்தேகப்படுவாங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபத்தெட்டு வருஷமாகத் தைக்கிறேன், ஒரு துணி திரும்பி வந்ததில்லை.

அப்பாவைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நூல் மில்லில் வேலை பார்த்த காலம் முழுக்கப் பஞ்சை மூச்சாக இழுத்தவர், டாக்டர் நுரையீரல் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டும்போதெல்லாம் நான் வேறெங்கோ பார்த்துக்கொள்வேன். ஸ்டியரிங்கிடம் மூன்று தடவை போய்ச் சொன்னேன். முதல் தடவை தயவாகச் சொன்னேன், தலையை ஆட்டினார். இரண்டாம் தடவை அப்பாவின் நுரையீரல் படத்தையே எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன், பாவம் என்றார். மூன்றாம் தடவை, "என் வீட்டுல நான் பிடிக்கிறேன் தங்கச்சி. உங்களுக்கு ஆகலேன்னா ஜன்னலச் சாத்திக்கங்க" என்றார். ஓனரம்மாவிடம் போனேன். வாடகை ஒழுங்காக வருகிற ஆளை அவர் என்ன சொல்லுவார்? நீங்கள் இரண்டு பேரும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டார். ஜன்னலைச் சாத்தினேன். சாத்தினால் அந்த அறையில் மனுஷி உட்கார முடியுமா? வேர்வை சொட்டி வெள்ளைத் துணியில் மஞ்சள் பொட்டு விழுந்ததுதான் மிச்சம்.

இரண்டரை மாசத்துக்கு முன்னால் அப்பாவுக்குச் சளி, இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்கிறார்கள் என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா, அது பொய். ஒன்பது நாள். நீ லீவு கிடைக்காமல் அங்கே உட்கார்ந்து அழுவாய் என்று மறைத்தேன், திட்டாதே. மதியம் மூன்றரை மணி இருக்கும். அப்பா குளியலறைக்குப் போனவர் வரவில்லை. கதவைத் தள்ளிப் பார்த்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், வாய் திறந்திருக்கிறது, காற்று போகவில்லை, உதடு நீலம் பாய்ந்திருந்தது. அறை முழுக்கக் கீழ்வீட்டுப் புகை. அவரைப் பிடித்து உட்கார வைத்துவிட்டுக் கீழே ஓடினேன். வாசலிலேயே கார் நிற்கிறது என்றுதான் ஸ்டியரிங் வீட்டுக் கதவைத் தட்டினேன். கையில் சிகரெட்டோடு வந்தார். அவருக்கு மூச்சு வரல சார், வண்டி எடுங்க என்று சொன்னேன். எடுக்கிறேன் என்றார். ஆனால் கையிலிருந்ததைக் கீழே போடவில்லை. கதவு நிலையில் சாய்ந்துகொண்டு அதை இழுத்து முடித்தார். மூன்று இழுப்பு. நான் எண்ணினேன். அதற்கப்புறம்தான் சாவியை எடுத்தார். வேகமாகத்தான் ஓட்டினார், அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாம் என்று பொதுவாகச் சொன்னார். எனக்கு அது பொதுவாகக் கேட்கவில்லை.

அப்பாவை வீட்டுக்குக் கூட்டி வந்த மறுநாளே ஆரம்பித்தேன். சண்டை போடவில்லை, போலீசுக்குப் போகவில்லை. அவர் பிடித்து முடித்த துண்டுகளை ஜன்னல் வழியாகச் சந்துக்குள்தான் எறிவார். மாடிப்படிக்குப் பக்கத்திலிருக்கிற சின்னக் கதவைத் திறந்து அந்தச் சந்தைப் பெருக்குவது நான்தானே. பெருக்கித் தள்ளாமல் ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். வாடிக்கைக்காரர்களுக்கு அளவு எழுதிக் குத்தி வைக்கிற துண்டுச்சீட்டு இருக்கிறதே, அதில் தேதியும் எண்ணிக்கையும் எழுதி, அந்தந்த நாள் துண்டுகளைச் சீட்டோடு சேர்த்துச் சுருட்டி நூல் போட்டுக் கட்டி, காலி காபி பாட்டிலில் போட்டு மூடி வைத்தேன். இருபத்துமூன்று நாள். அப்பா இதென்ன அசிங்கம் என்று கேட்டார், கொசுவுக்கு மருந்து என்று சொன்னேன். ஏன் தெரியுமா? உன் சிநேகிதிக்குக் குறைமாசத்தில் குழந்தை பிறந்து, ஒன்றரை மாசம் கண்ணாடிப் பெட்டியில் இருந்தது உனக்கே தெரியும். குழந்தைக்கு மூச்சுக்குழாய் இன்னும் சரியில்லை. சிகரெட்டை அறவே விட்டால்தான் பேத்தியைத் தூக்கலாம் என்று அவள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். விட்டாயிற்று என்று அவரும் மகள் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணியிருந்தார். அவள் வருகிற ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஜன்னலெல்லாம் திறந்து, வாசனை ஸ்பிரே அடித்து, புதினா மிட்டாயை மென்றுகொண்டு உட்கார்ந்திருப்பார். மனுஷனுக்கு உலகத்தில் பயம் என்று ஒன்று இருந்தால் அது அந்தக் குழந்தை மடியை விட்டுப் போய்விடுமோ என்பதுதான். கை வைக்க வேண்டிய இடம் அது என்று எனக்குத் தெரிந்தது.

இருபத்துநாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பாப்பாவுக்கு மஞ்சள் பூப்போட்ட கவுன் ஒன்று தைத்திருந்தேன், பையில் அதை மேலே வைத்து, பாட்டிலை அடியில் வைத்துக்கொண்டு இறங்கினேன். அவர் பேத்தியை மடியில் வைத்து மூக்கால் வயிற்றில் உரசி விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். கவுனைக் கொடுத்தேன், உன் சிநேகிதி குழந்தை மேல் வைத்து அளவு பார்த்துச் சந்தோஷப்பட்டாள். அப்புறம் பாட்டிலை மேஜையில் வைத்தேன். "இது என்ன அத்தை?" என்றாள். "உங்கப்பா தூக்கிப் போட்டது. நான் எடுத்து வெச்சேன். தேதி போட்டிருக்கேன், பாரு" என்றேன். அவள் நூலை அவிழ்த்து ஒவ்வொரு சீட்டாகப் பிரித்துப் படித்தாள். ஒரு சீட்டில் கை நின்றது. "இது போன ஞாயித்துக்கெழம. நான் காலையிலேயே வந்துட்டேன். இத்தனையும் பிடிச்சிட்டா பாப்பாவத் தூக்கினீங்க?" என்று கேட்டாள். சத்தம் போடவில்லை. கால்மணி நேரத்தில் குழந்தையைச் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவர் சொல்றத இனி நான் நம்ப மாட்டேன் அத்தை. முப்பது நாள் அவர்கிட்ட புகை வாடையே இல்லேன்னு நீங்க சொல்லுங்க. அன்னைக்குப் பாப்பாவக் கூட்டிட்டு வர்றேன்" என்றாள். எனக்கு அப்படியொரு குளிர்ச்சி, எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. அன்றைக்கு நான் இரண்டு வேளையும் புதிதாகச் சமைத்தேன்.

முதல் வாரம் அவர் பழையபடி தெருமுனைக்குப் போனார். மழையில் சட்டை நனைய, சிகரெட்டை உள்ளங்கையால் மூடிக்கொண்டு நிற்பார். நான் ஜன்னலில் நின்று ஆற அமரப் பார்த்தேன். எட்டாம் நாளிலிருந்து அதுவும் இல்லை. கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவர்களிடம் எரிந்து விழுந்தார், இரண்டு பேர் பாதியில் நின்றுவிட்டார்கள். ராத்திரி பகல் என்று பார்க்காமல் கேரட்டைக் கடித்துக்கொண்டிருப்பதாக அப்பா சொன்னார். ஆமாம், அப்பா தினமும் சாயங்காலம் கீழே போய் அவரோடு படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டு வருகிறார். எனக்கு அது பிடிக்கவில்லை. விட்டதிலிருந்து எண்ணி முப்பத்தோராம் நாள் ஸ்டியரிங் மேலே ஏறி வந்து வாசலிலேயே நின்றார். துவைத்த சட்டை. கன்னம் உள்ளே போயிருந்தது. "மோந்து பாத்துக்கங்க தங்கச்சி" என்று கைகளை நீட்டினார். நான் மோந்து பார்க்கவில்லை. அவசியமில்லை, என் மூக்குக்குத் தெரியாதா? ஒரு மாசமாகச் சந்தில் காற்றுதான் வருகிறது. "பாக்கலாம் சார்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

அன்றைக்குச் சாயங்காலமே உன் சிநேகிதி போன் பண்ணிக் கேட்டாள். இன்னும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை, கொஞ்ச நாள் போகட்டும் என்றேன். சரி அத்தை என்றாள், அவள் குரல் இறங்கிவிட்டது. போனை வைத்துத் திரும்பினால் அப்பா நிற்கிறார். "எனக்காகத்தான செஞ்ச? எனக்கு இது போதும்" என்றார். "எனக்குப் போதல" என்றேன். நீங்களே அவளிடம் சொல்லிக்கொள்ளுங்களேன் என்றும் சொல்லிப் பார்த்தேன். "நீ போட்ட முடிச்சு, நீதான் அவுக்கணும்" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு தனியாகப் போய் உட்கார்ந்தார். அது நடந்து ஆறு நாள் ஆகிறது. என்னோடு பேசுகிறார், உப்பு, தண்ணீர், சாவி, அவ்வளவுதான். நேற்று பாப்பா ஒன்பது மாசத்தில் சோபாவைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றதாக உன் சிநேகிதி எனக்குப் படம் அனுப்பினாள். ஸ்டியரிங்குக்கு அனுப்பவில்லை. நான் அதைக் கீழே கொண்டுபோய்க் காட்டுவோமா என்று இரண்டு படி இறங்கினேன், அந்தக் கதவு நிலையைப் பார்த்ததும் அப்பாவின் நீல உதடுதான் கண்ணுக்குள் வந்தது, திரும்பி ஏறிவிட்டேன்.

அதனால் நீ சொல்லிவிடு. உங்கப்பா விட்டுவிட்டார், முப்பது நாளுக்கு மேலேயே ஆகிறது, ஒரு துளி வாடை இல்லை, அம்மாதான் சொன்னாள் என்று சொல். அவள் நம்புவாள். நான் ஏன் நேரில் சொல்லவில்லை என்று கேட்டால் அம்மாவுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்று ஏதாவது சொல்லி வை. மன்னித்துவிட்டேன் என்று மட்டும் சொல்லிவிடாதே, அப்படி ஒன்றும் இல்லை.

நீங்கள் இருவரும் நோய்நொடி அண்டாமல், ஒருவருக்கொருவர் துணையாக, நூறு வருஷம் நிறைவாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். மாப்பிள்ளையிடம் நாங்கள் விசாரித்ததாகச் சொல். அப்பா உனக்குத் தனியாக எழுதுவார், கோபத்தில் எழுதினால் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. இதைப் படித்ததும் என்னைக் கூப்பிட்டு வாதாட வேண்டாம், நேரே அவளுக்குப் பேசு. போனில் சொல்லியிருந்தால் நீ அந்த நிமிஷமே அவளிடம் சொல்லியிருப்பாய் என்றுதான் கடிதமாக எழுதுகிறேன். இது உன் கைக்கு வந்து சேர எட்டு நாளாவது ஆகும். அந்த எட்டு நாள் எனக்கு வேண்டும்.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா