மரத்தில் கால், பித்தளையில் தலை

எதிர்வீட்டில் புதுக்கதவுக்கு ஆளிவிதை எண்ணெய் பூசுகிறார்கள். காலையில் அந்த வாசனை நம் கூடத்துக்குள் வந்ததும், கையிலிருந்த முறத்தை அப்படியே போட்டுவிட்டு உங்கள் அறைக்கு ஓடினேன். நீங்கள் வந்துவிட்டீர்களோ என்று ஓடவில்லை. அப்படியெல்லாம் நினைக்கிற ஆள் நான் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். நீங்கள் கேமரா வைக்கும் முக்காலியை யாரோ எடுத்து எண்ணெய் போட்டுத் துடைக்கிறார்கள், துடைத்து எங்கோ கொண்டுபோகப் பார்க்கிறார்கள் என்றுதான் ஓடினேன். அது மூலையில், நீங்கள் கட்டிய தோல்வாரோடு சுவரில் சாய்ந்திருந்தது. இருந்தாலும் மூன்று கால்களையும் தடவிப் பார்த்துவிட்டுத்தான் திரும்பி வந்தேன்.

நீங்கள் போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. என் குணம் மட்டும் போகவில்லை.

உங்களை எனக்குப் பேசி முடித்தபோது, "சைகோனில் குமாஸ்தா வேலை பார்த்தவர், அப்பா தவறியதும் நிலத்தைப் பார்த்துக்கொள்ளச் சொந்த ஊர் உறுவையாற்றுக்கே வந்துவிட்டார்" என்றார்கள். வந்துவிட்டார் என்பதை மற்றவர்கள் நம்பினார்கள். கப்பல் ஏறிச் சைகோன் போன ஆண்பிள்ளைகளைப் பற்றி எங்கள் வீட்டுக்கு நன்றாகவே தெரியும். என் சின்னம்மாவின் புருஷன் அங்கிருந்து ஒரு போட்டோ அனுப்பினார். கோட்டுப் போட்டுக்கொண்டு நாற்காலியில் மிடுக்காக உட்கார்ந்திருந்தார். படத்தின் ஓரத்தில், அவர் முழங்கால்மேல் ஒரு குழந்தையின் கை. கை மட்டும்தான் விழுந்திருந்தது, சின்னம்மாவுக்கு அது போதும். அதற்குப் பிறகு அவர் ஊர்ப் பக்கமே வரவில்லை. அதனால்தான் நீங்கள் டிரங்குப் பெட்டியைத் திறந்து அந்தத் துருத்தி வைத்த கேமராவை ஆசையாக எடுத்துக் காட்டியபோது, நான் கேமராவைப் பார்க்கவில்லை. பெட்டிக்குள் அதற்கடியில் வேறு என்ன இருக்கிறது என்று பார்த்தேன். வேட்டிகளும் ஒரு குடையும் இருந்தன.

முதலில் நீங்கள் எடுத்த படங்கள் எல்லாமே கலங்கல். மாட்டைப் பிடித்தால் ஒரு மாட்டுக்கு இரண்டு முகம் விழுந்தது. கூடத்தில் என்னை எடுத்த படத்தில் எனக்கு முகமே இல்லை. வீட்டுக்குள் வெளிச்சம் குறைவு, கேமராவின் கண் கொஞ்சநேரம் திறந்தே இருக்க வேண்டும், அதுவரை அது துளியும் அசையக்கூடாது என்று எனக்குப் பாடம் சொன்னீர்கள். நெல் மூட்டைமேல் வைத்துப் பார்த்தீர்கள், வண்டியின் நுகத்தடிமேல் வைத்துப் பார்த்தீர்கள், என் அம்மிக்கல்லைக்கூட விடவில்லை. கடைசியில், "கைய நம்ப முடியாதுமே, முக்காலி வாங்கிடணும்" என்றீர்கள். தன் கையையே நம்பாத மனுஷனை நான் எப்படி நம்புவது என்று எனக்குள் ஓடியது.

புதுச்சேரியில் நீங்கள் படம் கழுவக் கொடுக்கும் கடைக்காரர் இரண்டு முக்காலிகளை வண்டியில் ஏற்றிக் கொடுத்தனுப்பினார். வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டுப் பிடித்ததை வைத்துக்கொள்ளலாம், மற்றதைத் திருப்பித் தந்தால் போதும் என்றாராம். காசு வாங்காமல் பொருளை வெளியே அனுப்புகிற வியாபாரியை நான் கண்டதில்லை. அந்த ஆளுக்கு உங்களிடம் என்ன காரியம் ஆகவேண்டியிருந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

ஒன்று உலோகம். குழாய்க்குள் குழாயாக இழுத்தால் ஆள் உயரம், தள்ளினால் முழங்கை நீளம். பளபளவென்று இருந்தது. அதன் உச்சியில் ஒரு பித்தளைக் குண்டு, குண்டின்மேல் ஒரு சின்னத் தட்டு, அதில் கேமராவைத் திருகிவிட்டால் மேலே, கீழே, பக்கவாட்டில், எப்படி வேண்டுமானாலும் சாயும். ஒரு திருகைப் பிடித்து இறுக்கினால் அங்கேயே நின்றுவிடும். மற்றது மரம். தூக்கினால் தோள் வலிக்கும். அதன் உச்சியில் தட்டையாக ஒரு பலகைதான். ஆளை நிற்க வைத்து எடுக்க வேண்டுமானால் கேமராவைப் பக்கவாட்டில் சாய்க்க வேண்டும், அந்தப் பலகையில் அது ஆகாது என்றீர்கள்.

இரண்டையும் முற்றத்தில் விரித்து, ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு சொம்பு தண்ணீரை வைத்து, காலில் விரலால் சுண்டினீர்கள். மரத்தின் மேலிருந்த தண்ணீர் ஒரு முறை நெளிந்து அடங்கியது. குழாயின் மேலிருந்த தண்ணீர் அடங்கவே இல்லை. நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். விஷயம் முடிந்தது, மரத்தை வைத்துக்கொள்வீர்கள் என்று மனசுக்குள் ஒரு நிம்மதி வந்தது.

நீங்களோ குழாயை மடக்கிக் கையில் எடுத்தீர்கள். "ஆனா எடுத்துகினு போவறதுக்கு இதுதான் சுளுவு. பொட்டில வெச்சா எடமே அடைக்காது."

"எங்க எடுத்துகினு போவப் போறீங்க?"

"எங்கயாவது" என்று சிரித்தீர்கள்.

உறுவையாற்றில் நம் வீட்டிலிருந்து நம் வயலுக்கு எடுத்துப் போக முழங்கை நீளத்தில் எதற்கு ஒரு முக்காலி? டிரங்குப் பெட்டியில் அடங்க வேண்டுமென்றால் அது கப்பலுக்குத்தான். நீங்கள் எதை வைத்துக்கொள்கிறீர்கள் என்பதில் என் வாழ்க்கையே இருப்பதாக எனக்குத் தோன்றிவிட்டது. மரம் என்றால் இருக்கிறீர்கள், குழாய் என்றால் போகிறீர்கள். அன்றிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உங்கள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் நீங்கள் கரும்பு வயல் வரப்பில் மரமுக்காலியை நிறுத்தி, கேமராவை வைத்துக் குனிந்து பார்த்தீர்கள். அதைப் பக்கத்து வயல்காரர், உங்களுக்குச் சித்தப்பா முறை, பார்த்துவிட்டார். நம் ஊரில் மூன்று கால் வைத்த சாமான் வயலுக்கு வந்தால் அது சர்வே என்றுதானே அர்த்தம். அதற்குமுன் யாரும் அந்த மாதிரி ஒன்றை வேறு எதற்கும் கண்டதில்லை. அவர் உங்களிடம் போகவில்லை. நேராக என்னிடம் வந்தார், வாசலில் நின்றபடியே கேட்டார்.

"இன்னா மருமவளே, நெலத்த அளக்க ஆரமிச்சிட்டானாமே? விக்கறதுன்னா எனக்குத்தான் குடுக்கணும், சொல்லிட்டேன். நொத்தேர் கிட்ட போயி பத்திரம் எழுதறதுக்கு மின்னாடி என் காதுல ஒரு வார்த்த போடச் சொல்லு."

"இன்னாத்துக்கு மாமா அவரு விக்கணும்?"

"பின்ன? சைகோன் தண்ணிய குடிச்சவன் இங்க கரும்பு வெட்டிகினு குந்தியிருப்பானா?"

என் சந்தேகத்துக்கு ஊரே சாட்சி சொல்வதுபோல் இருந்தது. கதவைக்கூடச் சாத்தாமல் வயலுக்கு நடந்தேன், அவர் பின்னாலேயே வந்தார். நீங்கள் அப்போதும் குனிந்து கேமராவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"நெலத்த வித்துட்டுக் கப்பல் ஏறப் போறீங்களா?" என்று கேட்டேன். சுற்றி வளைக்க எனக்கு வராது.

நீங்கள் நிமிர்ந்து என்னையும் பார்த்து, அவரையும் பார்த்து, முக்காலியையும் பார்த்தீர்கள். பிறகு சிரிக்க ஆரம்பித்தீர்கள். சிரிப்பு வந்தால் பதில் இல்லை என்று அர்த்தம், எனக்கு இன்னும் பயமாகிவிட்டது. "அளக்கலப்பா, படம் புடிக்கிறேன். நீயே வந்து பாரு" என்று அவரைக் கூப்பிட்டு, கேமராவின் மேலிருந்த குட்டிக் கண்ணாடியைக் காட்டினீர்கள். அவர் குனிந்தார். அந்தக் கண்ணாடியில் எல்லாமே இடம் வலம் மாறித்தான் தெரியும் என்று அவருக்கு நீங்கள் சொல்லவில்லை, மறந்துவிட்டீர்கள். சட்டென்று நிமிர்ந்து, "டேய்! என் நெலத்த அந்தாண்ட தள்ளி வெச்சிருக்கியேடா!" என்று கத்தினார். கரும்பு வெட்டிக்கொண்டிருந்த ஆட்களெல்லாம் ஓடி வந்துவிட்டார்கள். கண்ணாடியில் மாறித் தெரிவதைச் சொல்லிப் புரியவைக்க உங்களுக்கு உயிர் போய்விட்டது. அவர் கடைசிவரை புரிந்துகொள்ளவில்லை. அன்றே போய் எல்லைக் கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்து வைத்துவிட்டார். எனக்குக்கூடச் சிரிப்பு வந்தது. ஆனால் நான் கேட்டதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை என்பதை நான் மறக்கவில்லை.

அந்த வாரமே இரண்டையும் வண்டியில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனீர்கள். திரும்பி வரும்வரை எனக்கு வேலை ஓடவில்லை. வந்து இறக்கியதைப் பார்த்தால் மரத்தின் கால், அதன் உச்சியில் குழாயின் பித்தளைக் குண்டு! இரண்டும் வேறுவேறு தேசத்துச் சாமான், திருகு சேரவில்லை, நடுவில் ஒரு பித்தளை வளையம் செய்து போட்டுக் கொடுத்தாராம் கடைக்காரர். வளையம் ஆடுகிறதா என்று நான் அசைத்துப் பார்த்தேன். ஆடவில்லை.

"கால் அசையக் கூடாது. தல எல்லாப் பக்கமும் திரும்பணும். அவ்ளோதான் கணக்கு" என்றீர்கள்.

"தல எந்தப் பக்கம் திரும்பும்?"

"நீ எங்க நிக்கிறியோ அந்தப் பக்கம்."

இப்படி நெய் ஒழுகப் பேசுகிற ஆண்பிள்ளையை எங்கள் வீட்டில் யாரும் நம்பமாட்டார்கள். நானும் நம்பவில்லை. ஆனாலும் அன்று குழம்பில் உப்புப் போட மறந்தேன், அதை நீங்கள் சொல்லிக்காட்டவில்லை.

மறுநாள் காலையில் என்னை வயல் வரப்புக்குக் கூட்டிப் போனீர்கள். கேமராவைக் குண்டின்மேல் பக்கவாட்டில் சாய்த்து இறுக்கி, கடிகாரம் மாதிரி முடுக்கிவிடுகிற ஒரு சாமானை அதில் செருகிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றீர்கள். அது தானாகவே அழுத்திவிடும், அசையாமல் நேரே பார் என்றீர்கள். ஆளே இல்லாமல் அது எப்படி எடுக்கும்? யாரை ஏமாற்றுகிறீர்கள்? படம் வந்தபோது நீங்கள் நேரே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் தலையைத் திருப்பி உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், போலீஸ்காரர் திருடனைப் பார்ப்பதுபோல. "மொகம் நல்லா விழுந்திருக்குதுமே, ஆனா கேஸ்தான் இன்னான்னு தெரியல" என்று ஊரெல்லாம் காட்டிச் சிரித்தீர்கள்.

நாம் சேர்ந்து எடுத்த படம் அது ஒன்றுதான். இப்போது அதைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்க்கிறேன். உங்கள் கால்களில் கணுக்காலுக்கு மேல்வரை சேறு. விடிவதற்குமுன் நீர் பாய்ச்சிவிட்டு வந்து நின்றிருக்கிறீர்கள். கப்பல் ஏறுகிறவன் எதற்கு அந்த நேரத்தில் மடை திறக்கப் போகிறான்? முகத்தையே துருவிக்கொண்டிருந்த எனக்கு அன்று கீழே பார்க்கத் தோன்றவில்லை.

அப்புறம் உலகச் சண்டை வந்தது. பிலிம் வருவது நின்றது, சைகோன் கப்பலும் நின்றது. கேமராவுக்கு வேலை இல்லாமல் நீங்கள் வாடினீர்கள். நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். சண்டை முடிந்து கப்பல் மறுபடி ஓடுகிறது என்று கேள்விப்பட்டதும் திரும்பவும் காவல் காக்க ஆரம்பித்தேன். டிரங்குப் பெட்டியை இடம் மாற்றினால் கேட்டேன். புதுச்சேரியிலிருந்து தாமதமாக வந்தால் கேட்டேன். முக்காலியை எண்ணெய் போட்டுத் துடைத்தால், இன்னாத்துக்கு இப்ப இது என்று கேட்டேன். ஒரு தடவையும் நீங்கள் கோபித்துக்கொண்டதில்லை.

ஐப்பசியில் உங்களுக்குக் காய்ச்சல் வந்தது. வில்லியனூர் வைத்தியரைக் கூப்பிடட்டுமா என்று கேட்டேன். போர்வையை இழுத்துக்கொண்டு, "ஒன்னும் இல்லமே, சளிக் காய்ச்சல். கஷாயத்தக் குடிச்சா நாளைக்கு எழுந்துடுவேன்" என்றீர்கள். சரி என்று கஷாயம் வைக்கப் போனேன். நீங்கள் எழுந்திருக்கவே இல்லை. உங்களோடு வாழ்ந்த காலம் முழுவதும் நீங்கள் சொன்ன எதையும் மறு கேள்வி கேட்காமல் விட்டதில்லை. அந்த ஒரு வார்த்தையைத்தான் அப்படியே நம்பினேன்.

மற்றபடி எல்லாவற்றையும் விட்டுவிட்டேன், சைகோனைக்கூட. இது மட்டும் போகவில்லை, அடுப்படியிலும் வயலிலும் கூடவே வருகிறது: உங்களை நான் சந்தேகப்பட வேண்டியிருந்தது அன்றைக்குத்தான்.