ரவைப் பாக்கெட்டும் புளித் தராசும்

வெள்ளிக்கிழமை, இரவு

ஒரு கிலோ ரவைப் பாக்கெட் கையில் எடுத்தபோதே லேசாகத் தோன்றியது. என் வீட்டுக்காரர் புளி வியாபாரத்துக்கு வைத்திருக்கும் எலக்ட்ரானிக் தராசு வாசலில் கிடந்தது. அதில் வைத்தேன். கவரோடு சேர்த்தே தொள்ளாயிரம் கிராம்தான். கம்பெனிக்காரனைத் திட்டிக்கொண்டே சீனியையும் உப்பையும் வைத்துப் பார்த்தேன். அவையும் அப்படியே. ஊரில் ஒருத்தன்கூட யோக்கியன் இல்லையா என்று ரவையைத் தூக்கிக்கொண்டு மளிகைக்கடைக்குப் போனேன். கடைக்காரர் தன் தராசில் வைத்தார். கிலோவுக்குக் கொஞ்சம் கூடவே காட்டியது.

"சரியாத்தானக்கா இருக்கு," என்றார். கடையில் நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள்.

வீட்டுக்காரர் வந்ததும், "ஏங்க, ஒங்க தராசு கொறச்சுக் காட்டுதே," என்றேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"அது புளி வாங்குற தராசு. வீட்டுச் சாமான அதுல ஏன் வச்ச? விக்கிற தராசு உள்ள இருக்குல்ல," என்றார். அப்புறம் சோத்துக்கு வெஞ்சனம் என்ன என்று கேட்டார்.

வாங்குவதற்கு ஒன்று, விற்பதற்கு ஒன்று. இத்தனை வருஷம் நான் கேட்டதே இல்லை.

வாங்குகிற தராசை இப்போதே வண்டியில் ஏற்றிவிட்டார். காலையில் நத்தம் போகிறார், என் அண்ணன் தோப்புப் புளியை எடுக்க. அண்ணன் தராசைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான். "மாப்ள போட்டா சரியா இருக்கும்," என்பான்.