களம் என்ற சொல்

வலங்கைமான்
9.2.72

அன்பு மகள் வேம்புவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், மெட்ராஸ் தண்ணீரில் உனக்கு வந்த இருமல் நின்றதா என்று முதலில் எழுது. சம்பா அறுப்பு நடக்கிறது, கூலித் தகராறு இந்த வருஷமும் தீரவில்லை, வாய்க்கால் கரையில் போலீஸ் லாரி நிற்க, அதைப் பார்த்துக்கொண்டே கதிர் அறுக்கிறார்கள்.

கோபத்தோடுதான் எழுதுகிறேன். என்னிடம் படித்து, பட்டாளத்துக்குப் போய், டிசம்பர் சண்டையில் செத்துப்போன மருதையனைப் பற்றி நீ அனுப்பிய கவிதையை அவன் தாய் காத்தாயி படித்துக் காட்டச் சொன்னாள். யோசிக்காமல் படித்தது என் தப்பு. ‘களத்திலே கதிராய்ச் சாய்ந்தான், காலன் காலால் மிதித்தான்’ என்ற இடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “போரடிக்கையில மாடு மிதிக்குமே, அப்படியா டீச்சரம்மா மிதிச்சாங்க எம் புள்ளைய?” என்று கேட்டாள். உன் விடுதித் தோழிகளுக்குக் களம் என்றால் புத்தகத்தில் வரும் போர்க்களம். அவளுக்கு அது முப்பது வருஷமாக நெல் அடித்த இடம். மறுநாள் களத்து ஓரத்திலேயே நின்றுவிட்டாள், கட்டுத் தூக்கி வந்தவர்கள் கூப்பிட்டும் உள்ளே கால் வைக்கவில்லை. நாலு நாளாக வேலைக்கும் போகவில்லை.

யுத்தம் வேண்டாம் என்று சொல்லத்தான் எழுதினாய், தெரியும். அப்படிப்பட்ட பாட்டுகளை அப்பாவுக்குத் தெரியாமல் படித்து அழுதவள் நான். ஆனால் களம், கதிர், காலன், கால் என்று மோனை உன்னை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது, அந்தக் கால் யார் நெஞ்சில் விழுகிறது என்று நீ பார்க்கவில்லை. பட்டாளத்திலிருந்து வந்த அவன் பெட்டியைத் திறந்தபோது காத்தாயி சொன்னாள், “இவன் சட்டைய மடிக்கவே மாட்டானே, யாரு மடிச்சது?” அந்தப் பேச்சில் ரத்தம் இல்லை, காலன் இல்லை. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

கட்சிக்கார நீலமேகம் வருகிற ஞாயிற்றுக்கிழமை இரங்கல் கூட்டத்தில் உன் கவிதையை மைக்கில் வாசிக்கப் போகிறார், காத்தாயியை முன்னால் உட்கார வைத்து. வேண்டாம் என்றேன். “உங்க பொண்ணு எழுத்து மேடைக்குன்னே பொறந்தது டீச்சர், கைதட்டு எப்படி அள்ளுது பாருங்க” என்கிறார். என் பேச்சு எடுபடவில்லை, எழுதியவள் சொன்னால்தான் நிற்கும். கடிதம் கண்டதும் அவருக்குத் தந்தி அடி.

நோய்நொடி இல்லாமல் இரு, நிறையப் படி, நிறைய எழுது, அம்மாவின் ஆசி எப்போதும் உண்டு. தந்தியில் ‘வாசிக்க வேண்டாம்’ என்று மட்டும் போடு. அழகாக எழுதிவிடாதே.

உன் அம்மா,
தையல்நாயகி